ஒளியைத் தியானித்தல்: ஷார்த்ர் பேராலயத்தின் வண்ணச் சாளரங்கள்

பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், கோதுமை வயல்கள் சூழ்ந்த சமவெளியில் இருக்கிறது ஷார்த்ர் என்னும் சிறு நகரம். அங்குள்ள மாதா பேராலயத்தில் 170-க்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் உள்ளன. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர மீட்டர். பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்யப்பட்டவை. சில அதற்கும் முந்தியவை. தீயாலும் போராலும் மதப் பூசலாலும், காலத்துக்குக் காலம் மாறிய ரசனையாலும் ஐரோப்பாவின் பழைய ஆலயக் கண்ணாடிகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஷார்த்ரிலோ ஒரே காலத்துத் தொகுதி பெருமளவு அப்படியே நிற்கிறது. 1979-இல் யுனெஸ்கோ இப்பேராலயத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தகைய சாளரங்களை ‘ஏழைகளின் விவிலியம்’ என்று சொல்வது வழக்கம். படிக்கத் தெரியாத மக்கள் படம் பார்த்து மறையைக் கற்றுக்கொண்டார்கள் என்பது அதன் பொருள். இக்கருத்துக்கு வேர் உண்டு. கி.பி. 600-ஐ ஒட்டி, ஆலயப் படங்களை உடைத்தெறிந்த மார்சேய் நகர ஆயர் செரேனுஸைக் கண்டித்து எழுதிய திருத்தந்தை பெரிய கிரகோரி, எழுத்தறியாதவர்களுக்குப் படங்கள் நூலின் இடத்தில் நிற்கின்றன என்று வாதிட்டார். ஆனால் ஷார்த்ரின் சாளரங்களுக்கு அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். பல சாளரங்கள் தரையிலிருந்து மிக உயரத்தில் இருக்கின்றன. கீழ்வரிசைச் சாளரங்களிலும் காட்சிகள் சின்னஞ்சிறு வட்டங்களுக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. கதை முன்பே தெரியாத ஒருவர் அவற்றைப் பார்த்துக் கதையைக் கற்றுக்கொள்ள முடியாது. மறையுரைகளிலும் திருவிழாக்களிலும் கேட்டுப் பழகிய கதையை மீண்டும் எடுத்து, நிதானமாக எண்ணிப் பார்க்க வைப்பதே அவற்றின் முதன்மையான பணி. அப்படி எண்ண வைப்பதற்கு அவை ஒளி, கதைகளின் அடுக்கு, சாளரம் அமைந்த இடம் ஆகிய மூன்றையும் பயன்படுத்துகின்றன.

தீக்குப் பின் எழுந்த ஆலயம்

மரியாள் அணிந்திருந்ததாக நம்பப்படும் ஆடை ஒன்றை 9-ஆம் நூற்றாண்டில் மன்னர் வழுக்கைத் தலை சார்ல்ஸ் ஷார்த்ர் ஆலயத்துக்கு அளித்தார் என்பது மரபு. அந்தத் திருப்பண்டத்தைக் காணத் திருப்பயணிகள் வந்தார்கள், ஊரும் வளர்ந்தது. 1194 ஜூன் 10 இரவு மூண்ட தீ ஆலயத்தின் பெரும்பகுதியை எரித்தது. ஆடையும் எரிந்துபோனது என்று மக்கள் கலங்கியிருந்தபோது, சில நாள்களில் அது நிலவறையிலிருந்து பத்திரமாக எடுத்துவரப்பட்டது. இன்னும் பெரிய ஆலயத்தை மாதாவே விரும்புகிறாள் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் கட்டடத்தின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. 1260-இல் மன்னர் ஒன்பதாம் லூயி முன்னிலையில் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது.

புதிய கட்டடம் கோதிக் பாணியில் அமைந்தது. கூர்முனை வளைவுகளும், கூரையின் எடையை வெளிப்பக்கத்திலிருந்து தாங்கும் கல் முட்டு வளைவுகளும் சுவரின் சுமையைக் குறைத்தன. சுமை குறைந்த இடத்தில் கல்லுக்குப் பதில் கண்ணாடி வைக்க முடிந்தது. சுமார் 37 மீட்டர் உயரமுள்ள நடுக்கூடத்தில் சுவரின் மேற்பகுதி முழுவதும் சாளரமாக மாறியது இப்படித்தான். தீயில் தப்பிய பழைய மேற்கு முகப்பும், அதிலிருந்த 12-ஆம் நூற்றாண்டின் மூன்று பெரிய சாளரங்களும் புதிய கட்டடத்தோடு இணைக்கப்பட்டன.

ஒளியும் இறையியலும்

ஆலயத்துக்குள் இவ்வளவு வண்ண ஒளி எதற்கு என்ற கேள்விக்கு முதலில் விடை எழுதி வைத்தவர் ஷார்த்ரைச் சேர்ந்தவர் அல்லர். பாரிஸுக்கு அருகிலுள்ள சென் டெனி மடத்தின் தலைவர் சுஜே. 1122 முதல் 1151 வரை அந்தப் பொறுப்பில் இருந்த அவர், தம் ஆலயத்தின் பலிபீடப் பகுதியை இடித்து, சாளரங்கள் சூழ்ந்ததாகத் திரும்பக் கட்டினார். 1144 ஜூன் 11 அன்று அது அர்ச்சிக்கப்பட்டது. கட்டுமானம் பற்றி அவரே எழுதிய குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. மனித மனம் மந்தமானது. கண்ணால் காணும் அழகான பொருள்களைப் பற்றிக்கொண்டுதான் காணாத உண்மையை நோக்கி அது ஏற முடியும் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் எண்ணம்.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒரு பழைய நூல் தொகுதி இருக்கிறது. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த ஒரு கிரேக்க எழுத்தாளர் தியோனீசியுஸ் என்ற பெயரில் எழுதினார். கடவுளிடமிருந்து ஒளி படிப்படியாக இறங்கி எல்லாப் பொருள்களையும் தொடுகிறது, பொருள்கள் அந்த ஒளியின் வழியே அவரிடம் திரும்புகின்றன என்பது அவருடைய கருத்து. அவரையும், ஏதென்ஸில் புனித பவுலின் பேச்சைக் கேட்டு மனம் மாறிய தியோனீசியுஸையும், பாரிஸின் முதல் ஆயர் புனித டெனியையும் ஒருவரே என்று இடைக்காலத்தவர் நம்பினர். அந்தப் புனிதரின் கல்லறை இருந்த மடத்துக்கே சுஜே தலைவர். இந்நூல்கள் அவரை எந்த அளவு பாதித்தன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒளி இறைவனின் அடையாளம் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது என்பதில் வேறுபாடு இல்லை. யோவான் நற்செய்தியில் இயேசு தம்மை உலகின் ஒளி என்று சொல்லிக்கொள்வதை அறியாத கிறிஸ்தவர் இல்லை.

கண்ணாடிக்கென்று தனி உருவகம் ஒன்றும் இடைக்கால மறையுரைகளில் வழங்கியது. சூரிய ஒளி கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவி வருகிறது. ஊடுருவும்போது கண்ணாடியின் நிறத்தை ஏற்றுக்கொள்கிறது. அதுபோலவே இறைமகன் மரியாளின் கன்னிமைக்குக் குறைவில்லாமல் பிறந்தார், பிறக்கும்போது அவளிடமிருந்து மனித உடலை ஏற்றார் என்று விளக்கினார்கள். இந்த விளக்கத்தைக் கேட்டுப் பழகியவருக்கு, மாதாவின் ஆலயத்தில் கண்ணாடி வழியே விழும் ஒவ்வொரு ஒளிக்கீற்றும் மனிதரான கடவுளை நினைவூட்டியிருக்கும்.

மணலும் சாம்பலும்

சாளரம் செய்யும் முறையை 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலுஸ் என்ற துறவி தம் கைவினை நூலில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். பீச் மரத்தின் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு சேர்த்து உலையில் உருக்குவது முதல் வேலை. உருகிய கண்ணாடியில் உலோகங்கள் நிறம் ஏற்றும்: கோபால்ட் நீலம் தரும், செம்பு சிவப்பைத் தரும், மாங்கனீசு ஊதாவையும் தோல் நிறத்தையும் தரும். செம்பால் வரும் சிவப்பு மிக அடர்த்தியானது. கண்ணாடி முழுவதும் அந்த நிறமாக இருந்தால் ஒளியே புகாது. அதனால் தெளிந்த கண்ணாடியின்மேல் சிவப்பை மெல்லிய படலமாகப் படியவைத்தார்கள்.

சுண்ணாம்பு பூசிய பலகையில் முழு அளவில் படம் வரையப்படும். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடு இழுத்துக் கண்ணாடியைப் பிளந்து, விளிம்புகளைக் கொறித்துச் சீராக்குவார்கள். முகம், கை, ஆடை மடிப்பு ஆகியவற்றை உலோகத் தூளும் கண்ணாடித் தூளும் கலந்த கரிய மையால் வரைந்து, சூளையில் சுட்டு நிலைக்கச் செய்வார்கள். பிறகு துண்டுகளை ஈயப் பட்டைகளால் கோத்துப் பற்றவைத்து, இரும்புச் சட்டத்தில் பொருத்துவார்கள். கண்ணாடியைத் தாங்கும் ஈயக் கோடே படத்தின் வெளிக்கோடாகவும் அமைந்துவிடுகிறது.

அந்தக் காலத்துக் கண்ணாடியின் குறைகளே அதன் பலம். அதில் குமிழிகள் இருந்தன. ஒரே துண்டில் ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெலிந்தும் இருந்தது. இதனால் ஒளி நேராக ஊடுருவாமல் சிதறுகிறது. வெயில் நகர நகர ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக ஒளிர்ந்து மங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பழைய ஆலயங்களைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் வியோலெ லெ டுக் இன்னொன்றையும் கவனித்தார். தொலைவிலிருந்து பார்க்கும்போது நீலம் தன் எல்லையைத் தாண்டிப் பரவுவதுபோல் தோன்றுகிறது, சிவப்பு அடங்கி நிற்கிறது. இந்த வேறுபாட்டை அறிந்தே பழைய கைவினைஞர்கள் நீலத்தைச் சுற்றி முத்துக் கோவை போன்ற வெள்ளைக் கரைகளை வைத்தார்கள் என்பது அவர் கருத்து.

ஒரு சாளரத்தைப் படித்தல்

பெரும்பாலான கதைச் சாளரங்களைக் கீழிருந்து மேலாகவும், வரிசைக்குள் இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். மண்ணில் தொடங்கி விண்ணில் முடியும் அமைப்பு இது. நடுக்கூடத்தின் தென்பக்கத்தில் உள்ள நல்ல சமாரியன் சாளரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

லூக்கா நற்செய்தியில் வரும் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் செல்லும் ஒருவனைக் கள்வர்கள் அடித்துப் போடுகிறார்கள். குருவும் லேவியனும் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள். யூதர்கள் வெறுத்த சமாரிய இனத்தான் ஒருவன் இரங்கி, காயங்களைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கொடுக்கிறான். சாளரத்தின் கீழ்ப்பகுதி இதைக் காட்சி காட்சியாகச் சொல்கிறது. சத்திரத்தோடு கதை முடிந்துவிட வேண்டும். ஆனால் சாளரம் முடிவதில்லை. அதற்கு மேலே கடவுள் ஆதாமைப் படைக்கிறார், ஏவாளைப் படைக்கிறார். இருவரும் விலக்கப்பட்ட கனியை உண்கிறார்கள், தோட்டத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள். ஆதாம் மண் கொத்துகிறான், ஏவாள் நூல் நூற்கிறாள், காயின் தம்பி ஆபேலைக் கொல்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், கிறிஸ்து அமர்ந்திருக்கிறார்.

சமாரியனுக்கும் ஆதாமுக்கும் என்ன தொடர்பு? அந்தக் கேள்வியைப் பார்ப்பவர் மனத்தில் எழுப்பவே சாளரம் இப்படி அமைக்கப்பட்டது. விடை புனித அகுஸ்தீன் போன்ற திருச்சபைத் தந்தையர் கொடுத்த விளக்கத்தில் இருக்கிறது. வழியில் அடிபட்டுக் கிடப்பவன் ஆதாம், அதாவது மனித இனம். அவன் விட்டுவந்த எருசலேம் இழந்துபோன சொர்க்கம். கள்வர்கள் தீய ஆவிகள். கடந்து போகும் குருவும் லேவியனும் மனிதனைக் குணமாக்க இயலாத பழைய சட்டம். அந்நியனாக வந்து காயம் கட்டும் சமாரியன் கிறிஸ்து. சத்திரம் திருச்சபை.

மறைநூலின் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு பொருள் உண்டு என்பது இடைக்கால வாசிப்பு முறை. முதலாவது நடந்த கதை. இரண்டாவது அக்கதை கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும் மறைபொருள். மூன்றாவது வாசிப்பவர் எப்படி வாழ வேண்டும் என்ற அறிவுரை. நான்காவது மனித வாழ்வு போய்ச் சேரும் இறுதி இலக்கு. சமாரியன் சாளரத்தில் நான்கும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ, மறைநூல் வழியான செபத்தை வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், இறைக்காட்சியில் நிலைத்தல் என நான்கு படிகளாக வகுத்தார். துறவிகள் ஏட்டை வைத்துச் செய்த பயிற்சிக்குப் பொதுமக்கள் பக்கத்தில் இணையானதைத் தேடினால், சாளரத்தின் முன் நிற்பதைச் சொல்லலாம். தெரிந்த கதையை அடையாளம் காண்பது முதல் படி. அது வேறொரு கதையோடு சேர்த்து வைக்கப்பட்டது ஏன் என்று எண்ணுவது அடுத்த படி.

ஈசாயின் மரமும் நீல மாதாவும்

மேற்கு முகப்பின் மூன்று பழைய சாளரங்களும் 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. உள்ளிருந்து அவற்றை நோக்கி நிற்பவருக்கு வலப்புறம் ஈசாயின் மரம், நடுவே கிறிஸ்துவின் பிறப்பும் இளமையும், இடப்புறம் பாடுகளும் உயிர்ப்பும். ஈசாய் என்பவர் தாவீது மன்னரின் தந்தை. அவருடைய அடிமரத்திலிருந்து ஒரு தளிர் தோன்றும் என்ற எசாயா இறைவாக்கினரின் முன்னறிவிப்பே இப்படத்துக்கு அடிப்படை. கீழே ஈசாய் படுத்திருக்கிறார். அவர் உடலிலிருந்து எழும் மரத்தில் ஒருவர்மேல் ஒருவராக அரசர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே மரியாள். உச்சியில், தூய ஆவியின் ஏழு கொடைகளைக் குறிக்கும் ஏழு புறாக்கள் சூழக் கிறிஸ்து. இரு பக்கமும் இறைவாக்கினர்கள் நிற்கிறார்கள். சுஜேயின் ஆலயத்திலும் இதே அமைப்பில் ஒரு சாளரம் இருந்தது. ஷார்த்ரின் சாளரம் அதைப் பின்பற்றியது. தலைமுறை தலைமுறையாக ஒரு வாக்குறுதிக்காகக் காத்திருந்த மனிதர்களை அது ஒரே மரமாக்கிக் காட்டுகிறது.

பலிபீடப் பகுதியின் தென்புறச் சுற்றுப்பாதையில் இருக்கிறது ‘அழகிய கண்ணாடியின் மாதா’ என்று அழைக்கப்படும் சாளரம். மரியாள் அரியணையில் நேராக அமர்ந்து, மடியில் குழந்தை இயேசுவை வைத்திருக்கிறாள். சிவப்புப் பின்னணியில் அவளுடைய வெளிர்நீல ஆடை தனித்து ஒளிர்கிறது. நடுவிலுள்ள இந்தப் பகுதி 1180 அளவில் செய்யப்பட்டு, 1194 தீயில் தப்பியது. புதிய ஆலயத்தைக் கட்டியவர்கள் அதைச் சுற்றி 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியில் வானதூதர்களை வைத்து, ஒரே சாளரமாக்கினார்கள். இதில் படிப்பதற்குக் கதை அதிகம் இல்லை. முன்னால் நின்று பார்ப்பதற்கே அமைந்தது. மரியாள் இறைஞானத்தின் அரியணையாக அமர்ந்திருக்கிறாள். அவள் கண்கள் பார்ப்பவரை நேராக நோக்குகின்றன. கதைச் சாளரங்கள் சிந்தனைக்கு வேலை கொடுக்க, இந்த மாதாவின் முன் மக்கள் மன்றாடுகிறார்கள்.

திசையும் நேரமும்

ஷார்த்ரின் மூன்று பெரிய ரோஜாச் சாளரங்களும் வட்டச் சக்கரம் போன்றவை. ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்கும் அதிகமான விட்டம் கொண்டது. அவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதும் அவற்றின் பொருளில் அடங்கும். வடக்குச் சாளரத்தில் பழைய ஏற்பாடு, தெற்கில் புதிய ஏற்பாடு, மேற்கில் இறுதித் தீர்ப்பு என்பது அமைப்பு.

வடக்கு ரோஜாவின் நடுவில் குழந்தையோடு மரியாள். அவளைச் சுற்றிப் புறாக்கள், வானதூதர்கள், யூதாவின் அரசர்கள், இறைவாக்கினர்கள். கீழே நிற்கும் ஐந்து நெடிய சாளரங்களின் நடுவில் மரியாளின் தாய் அன்னம்மாள் குழந்தை மரியாளை ஏந்தி நிற்கிறாள். இரு பக்கமும் மெல்கிசேதேக்கு, தாவீது, சாலமோன், ஆரோன். ஒன்பதாம் லூயியின் தாய் அரசி பிளான்ஷின் ஆதரவில் இது செய்யப்பட்டது என்பதை, கண்ணாடியிலேயே பதித்த பிரெஞ்சு லில்லி மலரும் காஸ்டில் நாட்டுக் கோட்டைச் சின்னமும் காட்டுகின்றன.

தெற்கு ரோஜாவின் நடுவில் மாட்சியுடன் வீற்றிருக்கும் கிறிஸ்து. சுற்றிலும் திருவெளிப்பாட்டு நூலில் வரும் இருபத்துநான்கு மூப்பர்கள். அதன் கீழேதான் ஷார்த்ரின் மிகத் துணிச்சலான படம் இருக்கிறது. எசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் ஆகிய நான்கு பெரிய இறைவாக்கினரின் தோள்மேல் மத்தேயு, லூக்கா, யோவான், மாற்கு ஆகிய நற்செய்தியாளர்கள் ஏறி அமர்ந்திருக்கிறார்கள். சுமப்பவர்கள் உருவில் பெரியவர்கள், சுமக்கப்படுபவர்கள் சிறியவர்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஷார்த்ர் பள்ளியில் கற்பித்த பெர்னார், முன்னோராகிய பேருருவர்களின் தோளில் ஏறி நிற்கும் குள்ளர்கள் நாம், அதனால்தான் அவர்களைவிடத் தொலைவு பார்க்கிறோம் என்று சொன்னதாக அவருக்குப் பின் வந்த அறிஞர் ஜான் பதிவுசெய்திருக்கிறார். சாலிஸ்பரியைச் சேர்ந்த அந்த ஜான் 1176-இல் ஷார்த்ரின் ஆயரானார். இந்தச் சொல்லுக்கும் படத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டோ இல்லையோ, அறிவிலும் நம்பிக்கையிலும் எவரும் தனியே உயர்வதில்லை என்பதை இரண்டும் சொல்கின்றன.

மேற்கு ரோஜாவில் கிறிஸ்து தம் காயங்களைக் காட்டி நீதி வழங்குகிறார். பொழுது சாயும் பக்கத்தில் காலத்தின் முடிவை வைப்பது பல ஆலயங்களின் மரபு. ஷார்த்ரின் நீள் அச்சு நேர்க் கிழக்கை நோக்காமல் வடகிழக்குப் பக்கம் நன்றாகத் திரும்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆலய வழக்கில் வடக்கு, தெற்கு என்று சொல்வதும் திசைகாட்டி காட்டுவதும் ஒன்றல்ல. ஆனாலும் பிற்பகல் வெயில் மேற்கு முகப்பில் விழும்போது ஈசாயின் மரமும் அதன் துணைச் சாளரங்களும் பற்றி எரிவதுபோல் ஒளிர்வதையும், அந்த நேரத்தில் எதிர்ப்பக்கச் சாளரங்கள் அடங்கி நிற்பதையும் எவரும் காணலாம்.

கண்ணாடியில் உபயதாரர்கள்

ஏறத்தாழ நாற்பது சாளரங்களின் அடிப்பகுதியில் தொழில் செய்வோரின் படங்கள் இருக்கின்றன. சமாரியன் சாளரத்தின் அடியில் செருப்புத் தைப்பவர்கள். பேழை கட்டிய நோவாவின் சாளரத்தில் தச்சர்கள். பலிபீடத்துக்கு மேலே, ஆலயத்தின் உயர்ந்த இடத்திலுள்ள மாதா சாளரத்தின் அடியில் கூடை நிறைய ரொட்டி சுமக்கும் ரொட்டிக்காரர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் குழல்விளக்கின் மேல் ‘உபயம்’ என்று பெயர் எழுதுவதைப்போல, இவை தொழிற்சங்கங்கள் காணிக்கை கொடுத்ததற்கான அடையாளம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அண்மைக் காலத்து ஆய்வாளர் சிலர் இதை ஐயுறுகிறார்கள். நகரத் தொழிலாளர்களுக்கும் ஆலயக் குருக்களுக்கும் அந்நாளில் கடும் பூசல் இருந்தது. உழைக்கும் மக்கள் ஆலயத்துக்குக் கடமைப்பட்டவர்கள் என்று காட்ட விரும்பிய குருக்களே இப்படங்களை வைத்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். காரணம் எதுவானாலும், அன்றாட உழைப்பு மீட்பின் கதைக்குக் கீழே, அதே கண்ணாடியில், அதே வண்ணத்தில் இடம்பெற்றுவிட்டது. கடைத்தெருவிலிருந்து உள்ளே வரும் ஒருவர், தாம் தினமும் செய்யும் வேலையிலிருந்தே சாளரத்தைப் படிக்கத் தொடங்கலாம்.

எதிர்ப்பும் அழிவும்

வண்ணச் சாளரங்கள் இறைச் சிந்தனைக்கு உதவுகின்றன என்பதை எல்லாரும் ஏற்கவில்லை. சுஜேயின் காலத்திலேயே வாழ்ந்த க்ளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார், ஏழைகள் உடுக்க இல்லாமல் இருக்கும்போது ஆலயச் சுவர்கள் பொன்னால் மின்னுவதைக் கடுமையாகச் சாடினார். படங்களில் மயங்கும் துறவி மறைநூலை மறப்பான் என்பதும் அவருடைய அச்சம். அவர் சார்ந்த சிஸ்டர்சியன் சபை, தன் ஆலயச் சாளரங்கள் சிலுவையோ படமோ இல்லாத வெள்ளைக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்த விதிக்குள் நின்று செய்யப்பட்ட பின்னல் கோலச் சாளரங்கள், பிரான்சின் ஒபசின் மடத்து ஆலயத்தில் உள்ளவற்றைப்போல, தமக்கே உரிய அமைதியான அழகு கொண்டவை. இறைவனை நாடும் மனத்துக்கு நிறம் வேண்டுமா, வெறுமை வேண்டுமா என்ற இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்த இயக்கத்தினர் இன்னும் கடுமையாக நடந்தனர். இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1547-இல் வந்த ஆணை சாளரங்களில் உள்ள படங்களையும் அழிக்கச் சொன்னது. அடுத்த நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் மேலும் பல நொறுங்கின. ஷார்த்ரில் பகைவர்களைவிட ரசனை மாற்றமே சேதம் செய்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஆலயக் குருக்களே, பலிபீடத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று சில வண்ணச் சாளரங்களை எடுத்துவிட்டு வெள்ளைக் கண்ணாடி போட்டார்கள். 1836-இல் மரக்கூரை முழுவதும் எரிந்தபோது கண்ணாடிகள் தப்பின. இரண்டு உலகப் போர்களிலும் சாளரங்களைக் கழற்றிப் பாதுகாப்பான இடங்களில் வைத்தார்கள்.

2009-ஐ ஒட்டித் தொடங்கிய புதுப்பிப்பு வேலை வேறொரு விவாதத்தை எழுப்பியது. நூற்றாண்டுக் கணக்கில் படிந்த கரியையும் தூசியையும் நீக்கி, அடியில் தெரிந்த 13-ஆம் நூற்றாண்டு வெளிர்மஞ்சள் பூச்சை மீட்டெடுத்தார்கள். கட்டியவர்கள் கண்டது இருண்ட ஆலயத்தை அன்று, வெளிச்சமான ஆலயத்தை என்றார்கள் வல்லுநர்கள். இருண்ட சுவர்தான் கண்ணாடியை ஒளிரச் செய்தது, அந்த இருளோடு ஆழமும் போய்விட்டது என்றார்கள் எதிர்த்தவர்கள்.

இருபதாம் நூற்றாண்டுக்குப் பின்

நவீன ஓவியர்கள் கதையைக் குறைத்து ஒளியையும் நிறத்தையும் முன்னிறுத்தினார்கள். தென் பிரான்சின் வான்ஸ் ஊரில் 1951-இல் திறக்கப்பட்ட சிற்றாலயத்துக்கு ஆன்ரி மத்தீஸ் மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் மட்டும் இலை வடிவச் சாளரங்களைச் செய்தார். இங்கிலாந்தின் டியூட்லி கிராமத்து ஆலயத்தில், கடலில் மூழ்கி இறந்த ஓர் இளம்பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் கேட்டதால் மார்க் ஷகால் ஒரு சாளரம் செய்தார். அலைகளில் கிடக்கும் பெண், மேலே ஏறும் ஏணி, சிலுவையில் கிறிஸ்து என நீல நிறத்தில் அமைந்த அது 1967-இல் நிறுவப்பட்டது. அதைக் கண்டபின் ஆலயத்தின் மற்றச் சாளரங்களையும் தாமே செய்வதாக யூத ஓவியரான ஷகால் சொன்னார். 1985-க்குள் பன்னிரண்டும் அவர் கைவண்ணமாயின. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் 2007-இல் கெர்ஹார்ட் ரிக்டர் 72 நிறங்களில் 11,263 சதுரக் கண்ணாடிகளை வைத்து, உருவமே இல்லாத ஒரு பெருஞ்சாளரத்தை அமைத்தார். நகரின் கர்தினால் அதை ஏற்கவில்லை. க்ளேர்வோ பெர்னார் தொடங்கிய வழக்கின் தொடர்ச்சிதான் இது. இம்முறை குறை உருவம் இருப்பதில் இல்லை, இல்லாமல் போனதில்.

பார்க்கும் முறை

வெயிலிலிருந்து ஆலயத்துக்குள் நுழையும் கண்ணுக்கு மங்கலான ஒளியில் பழகச் சில நிமிடங்களாவது வேண்டும்; முழுமையாகப் பழக இருபது நிமிடங்களுக்கு மேலும் ஆகலாம். நுழைந்தவுடன் சுற்றிவந்து படமெடுத்துத் திரும்புபவர் சாளரங்களை உண்மையில் பார்ப்பதில்லை. ஒரு சாளரத்தைத் தேர்ந்து அமர்வதும், உயரத்திலுள்ளவற்றுக்கு இருகண் தொலைநோக்கி வைத்திருப்பதும், கீழிருந்து மேலே படிப்பதும் பயன் தரும். இது என்ன கதை, எந்தக் கதையோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், ஏன், இதில் தன் இடம் எது என்ற கேள்விகளை அதே வரிசையில் கேட்டுக்கொள்ளலாம். அடிபட்டவன், விலகிப் போனவன், காயம் கட்டியவன் மூவரில் தான் யார் என்ற கேள்வி கிறிஸ்தவர் அல்லாதவருக்கும் உரியதே.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தச் சாளரங்கள் வியக்க வைக்கும் கலைப்பொருள்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை வியப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தெரிந்ததை மீண்டும் நினைக்கவும், நினைத்ததைத் தன் வாழ்வோடு ஒட்டிப் பார்க்கவும் நேரம் ஒதுக்குபவருக்கே அவை முழுப் பயன் தருகின்றன. ஷார்த்ருக்குப் போக வாய்க்காதவர்கள் தங்கள் ஊர் ஆலயத்தில் உள்ள ஒரு சின்னஞ்சிறு வண்ணச் சாளரத்தின் முன்பும் இதே பயிற்சியைச் செய்யலாம். அதற்குத் தேவை அரைமணி நேரமும் நல்ல வெயிலும் மட்டுமே.